ஓடுகிற பழசா, படுத்த பழசா, முடித்த பழசா?

பழைய கார் ஆசை வந்துவிட்டால் முதலில் மண்டையைக் குடைவது மாடல்தான். பீட்டிலா, மினியா, மெர்சிடிஸ் டபிள்யூ123-ஆ என்று ராத்திரியெல்லாம் படம் பார்த்துக்கொண்டிருக்கலாம், தப்பில்லை. ஆனால் கையில் கொஞ்சம் பணமும் வாரக்கடைசியில் ஆறு மணி நேரமும் மட்டுமே வைத்திருக்கும் ஒருவருக்கு, வண்டி எந்த நிலையில் வீட்டுக்கு வருகிறது என்பதுதான் மாடலைவிடப் பெரிய கேள்வி. மூன்று விதமாக விற்பனைக்கு வரும். அழகு போயிருந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி. வருடக்கணக்கில் நின்றுபோன, அல்லது யாரோ பாதி பிரித்து அட்டைப்பெட்டிகளில் போட்டுவைத்த வண்டி. இன்னொருவர் எல்லா வேலையும் முடித்துப் பளபளவென்று நிறுத்தியிருக்கும் வண்டி.

எங்கள் கட்சி எது என்று இப்போதே சொல்லிவிடுகிறோம். முதல் வண்டிக்கு, தகடு நன்றாக இருக்கும், ஓடுகிற வண்டி. இன்ஜின் புகைந்தாலும் சீட் கிழிந்திருந்தாலும் பெயின்ட் வெளுத்திருந்தாலும் பரவாயில்லை. மற்ற இரண்டும் சரியாக வரும் சந்தர்ப்பங்கள் உண்டு, அவற்றையும் பார்ப்போம்.

முதலில் தகடு

இன்ஜின் கழற்றி மாட்டக்கூடிய பொருள். பீட்டிலின் இன்ஜின் கியர்பாக்ஸோடு நான்கே போல்ட்டில் நிற்கிறது. ஒயர், கேபிள், பெட்ரோல் ஹோஸ் எல்லாம் கழற்றிவிட்டால் டிராலி ஜாக்கியில் இறக்கி வெளியே இழுத்துவிடலாம். மற்ற வண்டிகளில் ஒரு செயின் பிளாக்கும் கூடுதலாக ஒரு நாளும் ஆகும், அவ்வளவுதான். தகடு அப்படி இல்லை. 1960-களுக்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களில் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். கதவுக்குக் கீழே பெட்டிபோல நீளமாக ஓடுகிறதே, அந்த சில்தான் வண்டியின் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்துவைத்திருக்கிறது. அது அரித்துப்போயிருந்தால் தகட்டை வெட்டி ஒட்டுவதோடு வேலை முடியாது. வெட்டும்போது வண்டி வளையாமல் இருக்க வழி செய்துகொண்டுதான் கட்டரையே கையில் எடுக்க முடியும்.

ஆகவே வண்டி பார்க்கப் போகும்போது பானெட்டைக் கடைசியாகத் திறங்கள். முதலில் முட்டி போட்டுக் கீழே பாருங்கள். மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்று போதும். நல்ல தகட்டில் சட்டென்று ஒட்டும். பட்டி கனமாகப் பூசிய இடத்தில் நழுவும். ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் சில் நெடுகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு கணீரென்று பேசும், துரு தின்றது மொத்தென்று பேசும். அடுத்து ஒரு சோதனை, இதை விற்பவரின் அனுமதியோடு செய்ய வேண்டும். வண்டியின் ஜாக்கி வைக்கும் இடத்தில் ஜாக்கி கொடுத்து ஒரு சக்கரம் தரையை விடும் அளவுக்குத் தூக்குங்கள். இப்போது அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்கள். முன்பு சுலபமாக மூடிய கதவு இப்போது பூட்டில் இடித்தால், அல்லது கதவின் பின்விளிம்பு இடைவெளி கண்ணுக்குத் தெரிய மாறினால், சில்லுக்கு வலு இல்லை என்று அர்த்தம். ஜாக்கியே தகட்டுக்குள் புதைந்தால் கேள்வியே வேண்டாம். இத்தனையும் நடக்கும்போது உடம்பின் எந்தப் பகுதியும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

ஒவ்வொரு மாடலுக்கும் துரு பிடிக்கும் இடம் ஒன்று இருக்கும். பீட்டிலில் பின்சீட்டைத் தூக்கினால் பேட்டரி. அதன் ஆசிட் சொட்டிச் சொட்டி அடித்தகடு ஓட்டையாகும். பக்கவாட்டில் ஓடும் ஹீட்டர் சேனல் அடுத்தது. சூடான காற்று போகும் வழியாகவும் பாடிக்கு வலுவாகவும் அதுவே இருப்பதால், அதை மாற்றுவது பெரிய வேலை. மினியில் பின்சக்கரங்களைத் தாங்கும் பின்பக்க சப்ஃபிரேமும் சில்களும். பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்.ஜி.பி.யில் சில் என்பதே ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று தகடு. வெளித்தகடு மட்டும் புதிதாக ஒட்டி உள்ளே இருப்பதை மறைத்துவிடுவது பழைய தந்திரம். டபிள்யூ123-இல் ஜாக்கி முனைகள், முன் மட்கார்டு. மாஸ்டா எம்எக்ஸ்-5-இல் துணிக்கூரை மடியும் மூலைகளில் தண்ணீர் வடிகிற துளை இருக்கும். இலைதழை அடைத்துக்கொண்டால் அந்தத் தண்ணீர் பின்பக்க சில்லுக்குள் இறங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே ஒரு சின்னக் கொப்புளம் தெரியும்போது உள்ளே கதை முடிந்திருக்கும்.

ஓடுகிற வண்டியின் அருமை

ஓடுகிற வண்டி பொய் சொல்வது கஷ்டம். எந்தக் கியரில் முனகுகிறது, பிரேக் பிடித்தால் எந்தப் பக்கம் இழுக்கிறது, ஏற்றத்தில் சூடு எங்கே போய் நிற்கிறது எல்லாம் அரை மணி ஓட்டத்தில் தெரிந்துவிடும். குளிர்ந்த இன்ஜினில் ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். ஓடும்போதும் நீலமாகவே வந்தால் ரிங் அல்லது வால்வு கைடு. இன்ஜின் சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். அது பெரும்பாலும் கார்புரேட்டர் வேலை, பயப்பட ஒன்றுமில்லை.

சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் ஒன்று இரவலாவது வாங்கிக்கொண்டு போங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், எல்லா பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், இக்னிஷன் காயிலின் இணைப்பை எடுத்துவிட வேண்டும், ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று செல்ப் அடிக்க வேண்டும். இங்கே எண் எவ்வளவு பெரியது என்பதைவிட நான்கும் ஒன்றுபோல இருக்கிறதா என்பதுதான் முக்கியம். அதிகமானதற்கும் குறைந்ததற்கும் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைந்த சிலிண்டருக்குள் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் வாய்ப்பு அதிகம். இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும் வண்டியை விட்டுவிட வேண்டியதில்லை. விலையைப் பேசும்போது உங்கள் கையில் ஒரு காரணம் இருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் செய்கிற வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது. பிரேக், டயர், ஸ்டியரிங்; பிறகு பெட்ரோல் கசிவு; பிறகு கூலிங்; பிறகு இக்னிஷன். சீட், டேஷ்போர்டு, பெயின்ட் எல்லாம் கடைசி. கை பரபரப்பது பெயின்ட்டுக்குத்தான், தெரியும். ஆனால் பளபளவென்று இருக்கும் வண்டி நிற்க மறுத்தால் அந்தப் பெயின்ட்டும் போய்விடும்.

பிரேக்கில் எல்லோரும் ஷூவையும் பேடையும் பார்ப்பார்கள், ஹோஸைப் பார்க்க மாட்டார்கள். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி வழியைச் சுருக்கிவிடும். மிதிக்கும்போது நம் காலின் அழுத்தத்தில் ஃப்ளூயிட் போய்விடும். காலை எடுத்ததும் திரும்பி வர அந்த அழுத்தம் இல்லை. சக்கரம் பிடித்தபடியே இருக்கும், டிரம் கொதிக்கும். வீல் சிலிண்டரைக் குற்றம் சொல்லி மாற்றியும் குறை போகாததற்கு இதுதான் காரணம். சந்தேகம் இருந்தால், பிடித்துக்கொண்ட சக்கரத்தின் பிளீட் நிப்பிளை, அதாவது ஃப்ளூயிட்டை வெளியே விடும் சின்னத் திருகைத் திறங்கள். திறந்ததும் சக்கரம் விட்டுவிட்டால் அடைப்பு மேலே இருக்கிறது: ஹோஸ், அல்லது மாஸ்டர் சிலிண்டர். திறந்தும் விடவில்லை என்றால் சக்கரத்துக்குள்ளேயே ஏதோ இறுகியிருக்கிறது. எல்லா ஹோஸையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவது நல்லது.

பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு தரநிர்ணயப்படி 155-தான் உத்தரவாதம். இறக்கத்தில் நீண்ட நேரம் பிரேக் பிடிக்கும்போது அந்த ஈரம் ஆவியாகி, மிதி தரை வரை போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சிலிகான் வகையான டாட் 5-ஐ மற்றவற்றோடு கலக்கவே கூடாது. இன்னொன்று: பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைக் கழற்றியதும் ஏர் அடித்துத் தூசியை ஊதும் வழக்கத்தை விட்டுவிட்டு, ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

டயரில் பட்டன் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் தேதியைப் பாருங்கள். பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு எண்கள் வாரமும் வருடமும். 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம். மூன்றே எண் இருந்தால் அந்த டயர் 2000-க்கு முந்தியது. அதை ஓட்டிப் பார்க்கக்கூட வேண்டாம்.

பெட்ரோலில் எத்தனால் கலக்கும் காலம் இது. 1980-களின் ரப்பர் ஹோஸ் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. மெத்தென்று ஆகி வெடிக்கும், உள்ளே உதிர்ந்து கார்புரேட்டரின் ஜெட்டை அடைக்கும். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் வாங்கி டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை முழுவதும் மாற்றுங்கள். பீட்டிலில் இது கூடுதல் முக்கியம். இன்ஜினுக்கு நேர் மேலே ஹோஸ், கீழே சூடான எக்ஸாஸ்ட். அந்த வண்டிகள் தீப்பிடிப்பதில் பெரும்பங்கு இந்த ஒன்றரை அடி ரப்பருக்குத்தான். ஈயம் கலந்த பெட்ரோலை நம்பி வடிவமைத்த இன்ஜின்களில் எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேய்ந்து உள்ளே போவதும் உண்டு. அதற்காக உடனே ஹெட்டைக் கழற்ற வேண்டாம். வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பெட்டின் இடைவெளியை அவ்வப்போது அளந்து எழுதிவையுங்கள்; ஒவ்வொரு முறையும் இறுகிக்கொண்டே வந்தால் அப்போது ஹெட்டை இறக்கிக் கடினமான சீட் போட்டுக்கொள்ளலாம்.

ஆயிலிலும் ஒரு வார்த்தை. தட்டையான டேப்பெட் உள்ள பழைய இன்ஜினுக்குத் துத்தநாகச் சேர்மம் அதிகம் உள்ள ஆயில் வேண்டும். இன்றைய மெல்லிய ஆயில்களில் அது குறைவு, கேம் தேயும். கியர் உரசாமல் விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையம் உள்ள கியர்பாக்ஸில் ஜி.எல்.-4 தர ஆயில் கேட்டிருந்தால் அதையே ஊற்றுங்கள். ஜி.எல்.-5 உயர்ந்த எண்தானே என்று ஊற்றினால் சில வகை பித்தளையை அரிக்கும். மினியில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில்தான் என்பதால் இந்தக் குழப்பமே இல்லை. ஆனால் கியர்கள் அந்த ஆயிலைச் சீக்கிரம் நொறுக்கிவிடும், மாற்றுவதைத் தள்ளிப்போட முடியாது.

பாயிண்ட் (பிளக்கில் ஸ்பார்க் வர, கரண்டைச் சரியான நேரத்தில் அறுக்கும் சின்ன சுவிட்ச்) வைப்பதை ஒருமுறை நிதானமாகக் கற்றுக்கொண்டால் பழைய இன்ஜின்மேல் இருக்கும் பாதிப் பயம் போய்விடும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, இன்ஜினைக் கையால் சுற்றி, பாயிண்ட்டின் குதிகால் கேமின் மேட்டில் ஏறி நிற்கும்படி கொண்டுவாருங்கள். இப்போது பாயிண்ட் முழுவதும் திறந்திருக்கும். அந்த இடைவெளி பீட்டிலில் 0.40 மி.மீ.; எம்.ஜி.பி.யிலும் மினியிலும் ஏறக்குறைய அதே அளவு. ஃபீலர் கேஜ் பிசுக்கில்லாமல் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். இடித்துத் தள்ளவும் கூடாது, தொளதொளவென்றும் கூடாது. ஸ்குரூவை இறுக்கும்போது இடைவெளி நகரும், ஆகவே இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை வைப்பது, எப்போதும் இதற்குப் பிறகுதான். குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்தங்கும், வண்டி சோம்பும். கேமில் அரிசி அளவு கிரீஸ் வைத்தால் அந்தத் தேய்மானமே பாதியாகும். பாயிண்ட்டோடு வரும் கண்டென்சரை மாற்றினால், கழற்றிய பழையதைத் தூக்கி எறியாதீர்கள். புதுசு என்பதாலேயே அது நல்லது ஆகிவிடாது.

எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா என்ற கேள்வி தவறாமல் வரும். போடலாம், தேய்மானம் இல்லை, ஸ்டார்ட்டிங் நன்றாகிறது. பாயிண்ட் கெட்டுப்போகும்போது முன்கூட்டியே இருமும், தும்மும்; இந்த மாட்யூல் சொல்லாமல் கொள்ளாமல் போகும். ஆகவே சரியாக செட் செய்த பழைய பாயிண்ட் பிளேட்டை டிக்கியில் வைத்திருங்கள், மாட்டிக்கொண்டு வீடு திரும்பக் கால் மணி நேரம் போதும். 1967 வரையிலான எம்.ஜி.பி. போன்ற பிரிட்டிஷ் வண்டிகளில் பாடியோடு சேர்வது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. அதைக் கவனிக்காமல் சாதாரண மாட்யூலை மாட்டினால் சாவியைத் திருப்பிய கணமே அது போய்விடும்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் வேண்டும்: ஒரே சமயத்தில் ஒரு வேலை. பாகம் கைக்கு வந்த பிறகே ஸ்பேனரை எடுங்கள். ஞாயிறு சாயங்காலம் வண்டி மறுபடி ஓட வேண்டும். ஒரே நாளில் பாயிண்ட், கண்டென்சர், கார்புரேட்டர் மூன்றையும் தொட்டுவிட்டு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், எது காரணம் என்று தேட இன்னொரு வாரம் ஆகும்.

படுத்த வண்டி

மலிவு, முழு வண்டியையும் கையால் கற்றுக்கொள்ளலாம், பழைய ஃபோட்டோவையும் புதிய ஃபோட்டோவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற சுகம். இவை எல்லாம் உண்மை. கணக்கும் உண்மை. பாடி வேலையோடு கூடிய முழு ரெஸ்டொரேஷன் ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். வாரத்துக்கு ஆறு மணி என்றால் வருடத்துக்கு முந்நூறு. மூன்று வருடத்துக்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் வேலை செய்ய வேண்டும். இடையில் படிப்பு முடியும், வேலை மாறும், வீடு மாறும். பாதி பிரித்த வண்டிகள் இவ்வளவு விற்பனைக்கு வருவதன் காரணம் அதுதான்.

இதிலும் இரண்டு ஜாதி. முழுதாக இருந்து வெறுமனே நின்றுபோன வண்டி வேறு, பெட்டிகளில் வரும் வண்டி வேறு. பெட்டியில் என்ன இல்லை என்பது முடிக்கும்போதுதான் தெரியும், அதுவும் பிஸ்டன் போல எங்கும் கிடைக்கும் பொருளாக இருக்காது. கதவுக் கண்ணாடிச் சுற்றி, குவார்ட்டர் கிளாஸின் தாழ்ப்பாள், ஒரு குரோம் கீற்று என்று எவரும் மறுபடி செய்யாத பொருளாக இருக்கும். முதல் வண்டியாகப் பெட்டி வண்டியை வாங்காதீர்கள் என்று தயங்காமல் சொல்வோம்.

முழுதாக நின்றுபோன வண்டி ஆர்வமூட்டும் வாய்ப்பு. ஆனால் பேட்டரி மாட்டி உடனே செல்ப் அடித்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் ரிங் உடைவதும், துரு நிறைந்த டேங்கிலிருந்து குப்பை ஏறுவதும் அந்தப் பத்து விநாடியில்தான். பிளக் எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் பத்து மில்லி அளவு மெல்லிய ஆயில் விட்டு, குறைந்தது ஒரு நாள் ஊறட்டும். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் நீளமான கைப்பிடி வைத்துச் சுழலும் திசையில் மெதுவாகத் தள்ளுங்கள். அசையவில்லையென்றால் பலத்தைக் கூட்டாமல் ஊறும் நாளைக் கூட்டுங்கள். சுற்ற ஆரம்பித்ததும் இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, பிளக் இல்லாமலேயே செல்ப் அடித்து ஆயில் பிரஷர் வருவதைப் பாருங்கள். அதற்குப் பிறகு பிளக். பெட்ரோலைப் பழைய டேங்கிலிருந்து எடுக்க வேண்டாம்; சுத்தமான சின்ன கேனிலிருந்து தனி ஹோஸ் வழியாகக் கொடுங்கள், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினாக இருந்தால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பெல்ட்டை மாற்ற வேண்டும். பிஎம்டபிள்யூ இ30-இல் வரும் எம்20 இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை இடிக்கும். வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் நின்ற ரப்பரை நம்ப முடியாது. கிளட்ச் தட்டு ஃப்ளைவீலில் ஒட்டிக்கொண்டிருப்பதும் சகஜம், அதைக் கண்டு கியர்பாக்ஸ் போய்விட்டதென்று முடிவு கட்டாதீர்கள்.

சில் வெட்டும் வேலை வந்தால் முதல் வேலை வெட்டுவது அல்ல. சஸ்பென்ஷன் உட்காரும் இடங்களில் தாங்கி, வண்டியின் எடை சாதாரணமாக நிற்பது போல நிற்கட்டும். கதவு வாசலின் குறுக்கே சதுரக் குழாய் வைத்து பற்றவைத்து, கதவு இடைவெளிகளை மேல், நடு, கீழ் என்று அளந்து எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் வெட்டுங்கள். கடைசி வெல்டிங் செய்யும் முன் கதவை மாட்டிப் பாருங்கள். இதைத் தவிர்த்தவர்களின் வண்டியில் கதவு மூடவே மூடாது. பாடித் தகடு ஏறக்குறைய 1 மி.மீ. கனம்தான். மிக் வெல்டிங்கில் 0.6 மி.மீ. ஒயர், நீளக் கோடாக இழுக்காமல் புள்ளி புள்ளியாக, ஒரு முனையில் ஒன்று, மறுமுனையில் ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்து ஆறவிட வேண்டும். ஒரே மூச்சில் இழுத்தால் சூட்டில் தகடு அப்பளம் போல நெளியும். வெல்டிங் முடிந்து பெயின்ட் அடித்த பிறகு பெட்டிப் பகுதியின் உள்ளே துருவைத் தடுக்கும் கேவிட்டி வேக்ஸ் அடிக்காமல் விட்டால், புதிய சில் பழையதைவிடச் சீக்கிரம் போகும். வெல்டிங் சூட்டில் உள்பக்கம் வெறும் தகடாகிவிட்டதே.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்கள் மூன்று. காலியான பெட்ரோல் டேங்க் நிறைந்ததைவிட ஆபத்தானது, உள்ளே இருப்பது ஆவி. வெல்டிங்குக்கு முன் டேங்கைக் கழற்றி அப்பால் கொண்டுபோக வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் செய்தால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும். அது முதல் உலகப்போரில் ஆயுதமாகப் பயன்பட்டது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தையும் கழற்றி வண்டிக்கு அடியில் தள்ளிவைத்த பிறகே.

இந்த வழி யாருக்குச் சரி? சொந்தக் கூரையும், வண்டியின் அளவைப்போல் இரண்டு மடங்கு இடமும், அன்றாடத்துக்கு வேறு வண்டியும், வெல்டிங் தெரிந்த ஒரு துணையும் உள்ளவருக்கு. அவரும் பாகம் கிடைக்கிற மாடலாக எடுப்பது நல்லது. எம்.ஜி.பி.க்கு 1988 முதல் புதிய முழு பாடியே செய்து விற்கிறார்கள். பீட்டிலுக்கும் மினிக்கும் தகடு, ரப்பர், ஸ்குரூ வரை கிடைக்கிறது. இரண்டு கோடிக்கு மேல் செய்யப்பட்ட பீட்டிலுக்கும் ஐம்பது லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட மினிக்கும் அந்தப் பாக்கியம் உண்டு. அரிதான மாடல் என்று பெருமையாக வாங்கியவர் ஒரு விண்ட்ஷீல்டுக்காக ஒரு வருடம் காத்திருப்பார்.

முடித்த வண்டி

பணக்கணக்கில் பெரும்பாலும் இதுதான் லாபம். செய்து முடித்தவர் போட்ட மணி நேரம் விலையில் திரும்பி வராது. ஆனால் நீங்கள் வாங்குவது பெயின்ட்டுக்கு அடியில் இருப்பதை, அதுவோ கண்ணுக்குத் தெரியாது. பெயின்ட் கனம் அளக்கும் கருவி இருந்தால் கம்பெனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 180 மைக்ரான் காட்டும். மறுபடி அடித்தது அதைப்போல் இரு மடங்கு வரும். ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் பட்டி. கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவு, சில் மூன்றையும் அளந்தால் போதும். வெறும் தகடாக இருந்தபோது எடுத்த ஃபோட்டோ கேளுங்கள். முடித்த பிறகு எடுத்த ஐம்பது ஃபோட்டோவைவிட அந்த ஐந்து பெரிது. அடிப்பக்கம் புதிதாகத் தார் போன்ற கோட்டிங் பளபளவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். சில்லின் அடியில் இருக்க வேண்டிய வடிகால் துளைகள் மூடியிருந்தாலும் அப்படியே.

முடித்துவிட்டு ஓட்டாமல் நிறுத்திய வண்டியும் ஒரு வகையில் முடியாத வண்டிதான். முதல் ஐந்நூறு கிலோமீட்டரில் ஏதாவது கழலும், கசியும், உரசும். அதைச் செய்தவரே ஓட்டிச் சரிசெய்திருந்தால் விலை கொஞ்சம் கூடினாலும் கொடுக்கலாம். இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் கீறல் விழுமே என்று பயந்து மழையில் எடுக்காமல், கடைக்கு எடுக்காமல், மூடிப்போட்டு வைக்கிற வண்டியில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

நாலாவதாக ஒன்று

அன்றாடம் போகவர வேறு வண்டி இல்லை, ஆனாலும் பழசுதான் வேண்டும் என்றால் ஓடுகிறதா, படுத்ததா, முடித்ததா என்ற இதே கேள்வியை 1990-களின் இன்ஜெக்ஷன் வண்டியிடம் கேளுங்கள். 1989-இல் வந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 நல்ல உதாரணம். கார்புரேட்டர் இல்லை, பாயிண்ட் இல்லை, காலையில் ஸ்டார்ட் ஆகும், 1.6 லிட்டர் இன்ஜினில் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வு வளையாது, வண்டி நிற்கும் அவ்வளவுதான். பெல்ட்டை ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முதல் இரண்டு வருட வண்டிகளில் கிராங்கின் முனை குட்டையானது. புல்லி லேசாகத் தள்ளாடினால் அதைப் பிடித்துவைக்கும் சாவிப்பள்ளம் தேய்ந்திருக்கிறது, அந்த வண்டியை விட்டுவிடுங்கள். இதில் ஸ்குரூடிரைவரால் சரிசெய்வது குறைவு, மீட்டர் வைத்து வோல்ட் பார்ப்பது அதிகம். இன்ஜின் அணைந்திருக்கும்போது பேட்டரி 12.6, ஓடும்போது 13.8 முதல் 14.4. பழைய வண்டியில் கரண்ட் சம்பந்தமாக வரும் குறைகளில் பாதி, பாடியோடு சேரும் எர்த் இணைப்பின் துருதான்; உப்புத்தாள் வைத்துத் தேய்த்து இறுக்குவதற்கு முன்னால் எந்தப் பெட்டியையும் மாற்ற வேண்டாம்.

எந்த வழியானாலும் கையிலிருக்கும் பணம் முழுவதையும் வண்டி விலையாகக் கொடுத்துவிடக் கூடாது. ஓடுகிற வண்டிக்கு மூன்றில் ஒரு பங்கு, படுத்த வண்டிக்குக் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு தனியே இருக்க வேண்டும். முதல் மாதத்திலேயே டயர், ஹோஸ், பேட்டரி, பிரேக் என்று அதில் கணிசமாகப் போய்விடும்.

ஒரே விலையில் இரண்டு வண்டி முன்னால் நின்றால்? ஒன்றில் இன்ஜின் பூனை மாதிரி முனகுகிறது, சில்லில் பட்டி. இன்னொன்றில் சில் கணீரென்கிறது, இன்ஜின் ஒரு சிலிண்டரில் தட்டுகிறது. இரண்டாவதை எடுங்கள். பார்க்கப் போகும்போது காந்தம், டார்ச், கம்ப்ரெஷன் கேஜ், பிளக் ஸ்பேனர், தரையில் விரிக்க ஒரு பழைய சாக்கு எல்லாம் பையில் இருக்கட்டும். நீங்கள் போவதற்குள் இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்களானால் கோபித்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். அது ஆற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும்; அதுவரை சாக்கை விரித்துக் கீழே பார்க்கிற வேலை இருக்கிறது.